எலெக்ட்ரான் நுண்ணோக்கி யாருக்காக?

பல்கலைக்கழகங்கள் பல கோடி ரூபாயில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வாங்கும் செய்தி வரும்போதெல்லாம் எழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணோக்கி போதாதா?

போதாது. வழக்கமான நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஒளியின் அலைநீளமே அதற்குக் காரணம். எலெக்ட்ரானின் அலைநீளம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. 1931-இல் பெர்லினில் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் தொடங்கிவைத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கி இன்று அணுக்களின் வரிசையையே காட்டுகிறது. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு மெல்லிய குழாய்களை வேறு எதில் பார்ப்பது?

கல்லூரிக்கு ஒன்று வாங்கித் தரலாமே?

விலை மட்டும் தடையல்ல. லிஃப்ட் ஓடும் அதிர்வும் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமும்கூடப் படத்தைக் கலைத்துவிடும். குளிரூட்டல், இடைவிடாத மின்சாரம், கருவிக்குள் எப்போதும் வெற்றிடம் ஆகியவை வேண்டும். தேர்ந்த ஆபரேட்டரும் வேண்டும். மாதம் பத்து மாதிரி பார்க்கும் கல்லூரி இத்தனையையும் தனியாகச் சுமப்பது வீண்.

பொதுவில் வைத்தால் வெளியாருக்கு முறை வருமா?

நியாயமான அச்சம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'சைஃப்' மையங்கள் பல பத்தாண்டுகளாக வெளி ஆய்வாளர்களுக்குக் கட்டணத்தில் கருவி தருகின்றன, சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று இருக்கிறது. 2020-இல் தொடங்கிய 'ஐ-ஸ்டெம்' இணையதளத்தில் நாட்டின் கருவிகளைத் தேடி முன்பதிவு செய்யலாம். ஆனாலும் வெளியாருக்கு இத்தனை மணி, பாடத்துக்கு இத்தனை மணி என்று எழுதிவைக்காத இடத்தில் பகிர்வு பேச்சளவில்தான் நிற்கும்.

மாணவர் கையில் கொடுக்கலாமா?

கொடுக்கத்தான் வேண்டும். மேற்பரப்பைக் காட்டும் 'செம்' வகையைச் சில நாள் பயிற்சியில் இயக்கலாம். ஊடுருவிப் பார்க்கும் 'டெம்' வகைக்கு மாதிரியை 100 நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். அது மாதக்கணக்கில் படியும் கைவேலை. மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் படத்தை மின்னஞ்சலில் வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. படமெடுக்க மாதிரியின் மேல் பூசும் தங்கத்தின் துகளை மாதிரியின் துகள் என்று எண்ணுவதும், எலெக்ட்ரான் கற்றை சுட்ட தழும்பை இயல்பான அமைப்பாக எடுத்துக்கொள்வதும் இப்படித்தான் ஆய்வேட்டுக்குள் நுழைகின்றன. கருவியின் அருகில் உட்கார்ந்து பார்த்த மாணவர் அவ்வளவு எளிதில் ஏமாறமாட்டார்.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

எக்ஸ் கதிர்கள் உண்டாகும். கருவியின் உலோகச் சுவரும் ஈயக் கண்ணாடியும் அவற்றைத் தடுத்துவிடும்.

வாங்கியபின் பூட்டிக் கிடந்தால்?

பெரும்பாலும் அதன் விதை வாங்கும்போதே விழுகிறது. வாரண்டி முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணமில்லை. ஒப்பந்த ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நிரந்தர ஆபரேட்டர் பணியிடமும் பத்தாண்டுப் பராமரிப்பு நிதியும் கருவிக்கான அதே ஆணையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், டெண்டர் விடுவதற்கு முன்பே கேளுங்கள்.