படைப்பணி முடிந்து திரும்புவோரும் தன்விவரக் குறிப்பும்

போருக்குச் செல்லும் வீரனைப் பற்றித் தமிழ் இலக்கியம் விரிவாகவே பேசியுள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் அவன் வினைகளைத் திணைகளாகவும் துறைகளாகவும் வகுத்துக் கூறுகிறது. படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் படைக்கென்றே அமைத்தார். களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டது நம் மரபு. ஆயின், வீழாமல் தன் பணிக்காலத்தை முடித்து, ஒரு பெட்டியும் சில சான்றிதழ்களும் கொண்டு ஊர் திரும்பி, 'இனி என்ன தொழில் செய்வது?' என்று எண்ணி நிற்பவரின் நிலையும் எண்ணிப் பார்க்கத் தக்கதே. அவருக்குத் துணை செய்யக்கூடிய ஒரு சிறு தாளைப் பற்றியது இக்கட்டுரை. பயோடேட்டா என்று நாம் வழங்கும் தன்விவரக் குறிப்பே அத்தாள்.

உவரி என்னும் சொல்லுக்குக் கடல் என்றும் பொருள் உண்டு. அப்பெயரையே தாங்கிய உவரி, நெல்லை மாவட்டத் தென்கரையில் கப்பல் வடிவக் கப்பல் மாதா ஆலயத்தோடு விளங்கும் ஊர். இவ்வூரிலிருந்து வெகு தொலைவில் இல்லாத விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுடன் தொடர்பு கொள்ளும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. எனவே கடற்படையும் கடலோரக் காவல்படையும் இக்கரை இளைஞர்க்கு அயலானவை அல்ல. சேரும் வழியைப் பலரும் கேட்டறிகின்றனர். வெளிவரும் வழியைப் பற்றிக் கேட்போர் சிலரே.

இளமையில் வரும் ஓய்வு

ஓய்வு என்ற சொல் முதுமையை நினைவூட்டுவது. படையிலோ அஃது இளமையிலேயே வந்துவிடுகிறது. பழைய முறைப்படிச் சேர்ந்த கடற்படை மாலுமியின் தொடக்கப் பணிக்காலம் 15 ஆண்டுகள்; விமானப்படை வீரருக்கு 20 ஆண்டுகள். பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பத்து மூன்றிலோ முப்பத்தெட்டிலோ வெளிவருகிறார். அப்போது பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பர், பெற்றோர் முதுமையடைந்திருப்பர். ஓய்வூதியம் அடுப்பை அணையாமல் காக்கும். எதிர்காலத்தை முழுவதும் தாங்காது.

2022 ஜூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இக்காலத்தை மேலும் சுருக்கிவிட்டது. அதன்படிச் சேர்வோர்க்குப் பணி நான்காண்டுகளே. அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரை நிலைப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர் என்றும், ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் சேவா நிதியோடு ஓய்வூதியமின்றி வெளிவருவர் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் தொகுதியினர்க்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நான்காண்டு நிறைவுறுகிறது. நம் கல்லூரி மாணவர் பட்டம் பெற்று வேலை தேடத் தொடங்கும் வயதில், அவர்கள் ஒரு பணியை முடித்துவிட்டு மறுபணி தேட வேண்டியவர்கள் ஆகின்றனர்.

வேலைவாய்ப்பகம் பிறந்த கதை

இச்சிக்கல் புதியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினரை ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்கும், போர்க்காலத் தொழிற்சாலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டோர்க்கும் வேலை தேடித்தரும் பொருட்டு 1945 ஜூலையில் மறுகுடியமர்த்தல் மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் நிறுவப்பட்டு, அதன்கீழ் வேலைவாய்ப்பகங்கள் திறக்கப்பட்டன. 1947இல் நாடு பிரிவினையுற்றபோது இடம்பெயர்ந்து வந்தோர்க்கும் அவை உதவின. 1948இல்தான் வேலை தேடும் அனைவர்க்கும் அவற்றின் கதவு திறந்தது. பட்டம் பெற்றவுடன் நம் மாணவர்கள் பெயரைப் பதிவுசெய்யும் அலுவலகம், முதலில் படைவீரர்க்காகப் பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

சொல் மாறும் இடம்

படைவீரர்க்கு வேலை கிடைப்பதில் உள்ள இடர்ப்பாடு திறமைக் குறைவால் மட்டும் வருவதன்று. அவர் பேசும் மொழியை வேலை தருபவர் அறியார் என்பதே பெரிய தடை. ஆகவே தன்விவரக் குறிப்பு எழுதுதல் ஒருவகை மொழிபெயர்ப்புப் பணி எனலாம்.

ஹவில்தார் என்னும் பதவிப் பெயரை நோக்குவோம். ஒப்படைத்தல் என்னும் பொருள்தரும் 'ஹவாலா' என்ற அரபுச் சொல்லும், உடையவர் என்னும் பொருள்தரும் 'தார்' என்ற பாரசீக ஈறும் இணைந்து பிறந்தது அது. பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்பதே அதன் பொருள். 'ஹவில்தாராக இருந்தேன்' என்று மட்டும் எழுதினால் ஒரு தொழிற்சாலை மேலாளர்க்கு எதுவும் விளங்காது. எப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது, எத்தனை பேர் அவர்கீழ் இருந்தனர், எத்தனை வாகனங்கள் அல்லது எவ்வளவு பொருள்கள் அவர் கணக்கில் இருந்தன என்று எழுதினால் விளங்கும். இவ்வாறே கடற்படையில் 'ரைட்டர்' என்பவர் கதை எழுதுபவர் அல்லர். ஊதியக் கணக்கும் பணிப்பதிவேடும் காக்கும் எழுத்தர். அச்சொல்லை அப்படியே எழுதினால், படிப்பவர் வேறொன்றாகக் கொள்வர்.

மற்றொரு தடையும் உண்டு. படையில் 'நான்' என்ற சொல்லுக்கு இடம் குறைவு. 'நாங்கள்' என்றே பேசிப் பழகுவர். அஃது உயர்ந்த பண்பே. ஆனால் தன்விவரக் குறிப்பு தனியொருவரின் பணியை அறியவே கேட்கப்படுகிறது. கூட்டாகச் செய்த வேலையில் தாம் செய்த பங்கைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுதல் தற்புகழ்ச்சி ஆகாது.

எழுதும் முறை

கடற்படையில் 15 ஆண்டுகள் எஞ்சின் பிரிவில் பணியாற்றி உவரிக்குத் திரும்பும் ஒருவரைக் கற்பனை செய்வோம். 'கப்பலில் எஞ்சின் பிரிவில் 15 ஆண்டுகள் நேர்மையாகவும் கடமையுணர்வோடும் பணியாற்றினேன்' என்று அவர் எழுதுகிறார். இதில் பொய் இல்லை, பயனும் இல்லை. அதனையே, 'டீசல் எஞ்சின்களையும் ஜெனரேட்டர்களையும் கால அட்டவணைப்படிப் பராமரித்தேன். பழுது கண்டு நீக்கினேன். எட்டுப் பேர் கொண்ட பணிக்குழுவை நான்காண்டுகள் மேற்பார்வையிட்டேன். உதிரிபாகங்களின் இருப்புப் பதிவேட்டைக் காத்தேன்' என்று எழுதினால், மின்னாக்கி உள்ள மருத்துவமனையும் நூற்பாலையும் துறைமுகமும் தமக்குரிய ஆள் இவர் என்று உணரும்.

குறிப்பு இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் இருத்தல் நன்று. முதலில் பெயர், முகவரி, தொலைபேசி எண். அடுத்து எவ்வேலையை நாடுகிறார், அதற்குரிய தகுதி என்ன என்று இரண்டு வரிகள். பின்னர் அண்மைப் பணி முதலாகப் பின்னோக்கிப் பணி விவரம். அதன்பின் படையில் பெற்ற பயிற்சிகளும் அவற்றிற்கு இணையான குடிமைச் சான்றுகளும். இறுதியில் கல்வி, அறிந்த மொழிகள், ஓட்டுநர் உரிமம் முதலியன. ஒரே குறிப்பை எல்லா இடத்திற்கும் அனுப்புதல் கூடாது. துறைமுகத்திற்கு எஞ்சின் பணியையும், பள்ளி நிருவாகத்திற்கு ஆள் மேலாண்மையையும் முன்னே வைத்தல் வேண்டும்.

எழுதக் கூடாதனவும் உண்டு. தளங்களில் உள்ள கருவிகளின் விவரம், படைப்பிரிவு நின்ற இடம், ஈடுபட்ட நடவடிக்கை ஆகியவற்றை எழுதலாகாது. 1923ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம் பணி முடிந்த பின்னரும் கட்டுப்படுத்தும். செய்த தொழிலைக் கூறலாம். காத்த இரகசியத்தைக் கூறலாகாது.

சட்டம் தரும் வாய்ப்புகள்

நடுவணரசின் 'சி' பிரிவுப் பணியிடங்களில் முன்னாள் படைவீரர்க்கு 10 விழுக்காடும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அப்பிரிவில், உடல் ஊனமுற்ற வீரர்க்கும் உயிரீந்தோர் குடும்பத்தார்க்கும் உரிய 4.5 விழுக்காடு உட்பட, 14.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. வயது வரம்பிலும் தளர்வு உண்டு. உண்மை வயதிலிருந்து பணிக்காலத்தையும் அதற்குமேல் மூன்றாண்டுகளையும் கழித்துக் கணக்கிடுவர். 15 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் 40 வயதில் விண்ணப்பித்தால் அவர் வயது 22 எனக் கொள்ளப்படும். பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டுகள் படையில் பணியாற்றியவரை, தொழில்நுட்பத் தகுதி வேண்டாத 'சி' பிரிவுப் பணிகள் சிலவற்றிற்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதவும் விதி இடம் தருகிறது. பணி முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஊர் வந்து சேர்ந்த பின்னரே தேடத் தொடங்குதல் காலத்தை வீணாக்குவதாகும்.

ஒரு நுட்பத்தை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வொதுக்கீட்டில் ஒருமுறை அரசுப் பணியில் சேர்ந்தவர்க்கு அடுத்த பணியில் அவ்வொதுக்கீடு கிடைப்பதில்லை. ஆயினும், சேரும்போதே தாம் முன்னர் விண்ணப்பித்துள்ள ஏனைய பணிகளின் விவரத்தை நாள்வாரியாக எழுதிக் கொடுத்தவர்க்கு, அப்பணிகளில் அவ்வுரிமை நிற்கும் என்று 2014இல் நடுவணரசு தெளிவுபடுத்தியது. ஒரு தாளை எழுதிக் கொடுக்கத் தவறினால் உரிமையையே இழக்க நேரும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெறுதல் முதற்கடமை. தமிழக அரசு நிறுவனமாகிய டெக்ஸ்கோ 1986 முதல் முன்னாள் படைவீரர்க்கு வேலையளித்து வருகிறது. புதுதில்லியிலுள்ள மறுகுடியமர்த்தல் தலைமை இயக்ககம், பணியிலிருந்து விடுபடும் முன்னரே தொழிற்பயிற்சி அளிக்கிறது. கடற்படையில் பெற்ற பயிற்சியையும் கடற்பணிக் காலத்தையும் வணிகக் கப்பல் சான்றிதழ்களுக்குக் கணக்கிற் கொள்ளும் திட்டம் 2022இல் வகுக்கப்பட்டது. வணிகக் கப்பல் வேலையைப் பற்றி நன்கறிந்த நம் கடற்கரை ஊர்களுக்கு இது பெரிதும் பயன்படத்தக்கது.

தமிழுக்குத் திரும்புதல்

2021 டிசம்பரில் பிறந்த அரசாணைப்படி, தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாள் கட்டாயமாயிற்று. அதில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவரின் பிற தாள்கள் மதிப்பிடப்படா. பல ஆண்டுகள் இந்தியிலேயே ஆணை கேட்டு, இந்தியிலேயே விடை சொல்லிப் பழகியவர்க்குத் தாய்மொழி இலக்கணம் மறந்திருக்கக் கூடும். அத்தகையோர்க்கு மாலை வேளையில் தமிழ் கற்பிக்கக் கல்லூரித் தமிழ்த்துறைகள் முன்வரலாம். அவர்தம் தன்விவரக் குறிப்பைப் படித்துத் திருத்தித் தருவதும் நம் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

முடிவுரை

2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், காவலர் பணிக்கு முன்னாள் படைவீரர்க்கு முன்னுரிமை தர இடமளிக்கிறது. ஆகவே அக்கதவு அவர்க்கு எளிதில் திறக்கிறது. காவற்பணி இழிவானதன்று, விரும்பி ஏற்பார் ஏற்கலாம். ஆனால் எஞ்சினின் ஓசை கேட்டே பழுதறியும் ஒருவர், அதனைத் தாளில் எழுதத் தெரியாத காரணத்தால் வாயிற்கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாராயின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அவருடைய திறமை வேண்டி நிற்கும் தொழிலுக்கும் உண்டு.

செங்கம் பகுதி நடுகற்களைக் கண்டோர் அவற்றின் எழுத்துச் சிக்கனத்தை அறிவர். எம்மன்னனின் எவ்வாண்டு, யாருடைய சேவகன், பெயர் யாது, என்ன செய்து பட்டான் என்னும் செய்திகளே பெரும்பாலும் அவற்றில் இருக்கும். அடைமொழி மிகுதி இராது. வினையைச் சொன்னால் போதும், பெருமை தானே விளங்கும் என்பது அக்கல்வெட்டு மரபு. உயிரோடு திரும்பியவர் எழுதும் தன்விவரக் குறிப்பிற்கும் அதுவே இலக்கணம். அதனைப் படித்து, இன்னார்க்கு இன்ன வினை எனத் தெரிந்து ஒப்படைத்தல் வேலை தருவோர் கடமை. தெரிந்துவினையாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டதும் அது பற்றியே.