தாய்மைக்கு வயது உண்டா?

நம் பங்குக் கோவில்களில் உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த நாள், ஞானப் பெற்றோர் என வரிவரியாகச் செல்லும் அவ்வேடுகளில் ஒரு மருத்துவ உண்மையும் மறைந்து கிடக்கின்றது. திருமணப் பதிவேடு வைக்குமாறு பங்குக் குருக்களுக்குத் திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் கட்டளையிட்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, பிரான்சு நாட்டு அறிஞர் லூயி ஆன்றி, கோத்தியே என்பாருடன் சேர்ந்து, நார்மண்டிப் பகுதியின் க்ருலே என்னும் பங்கின் ஏடுகளை ஆராய்ந்து 1958-இல் நூலாக வெளியிட்டார். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகிய மூன்று பதிவுகளையும் குடும்பம் குடும்பமாக அவர்கள் இணைத்தனர். இத்தகைய ஆய்வுகளினால், கருத்தடையைக் கைக்கொள்ளாத மக்களிடையிலும் கடைசிப் பிரசவம் சராசரியாக நாற்பது வயதையொட்டியே நிகழ்ந்தது என்பது தெளிவாயிற்று.

வட அமெரிக்காவில் வாழும் ஹட்டரைட் என்னும் கிறிஸ்தவ சமூகத்தாரிடம் நடந்த ஆய்வு இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகின்றது. அவர்கள் பெருங்குடும்பத்தை விரும்பியவர்கள், கருத்தடையை ஏற்காதவர்கள். எனினும் 34 வயதுக்குப்பின் பிள்ளை பெறாதவர் நூற்றுக்கு 11 பேர். நாற்பதில் பேறு நின்றவர் 33 பேர். நாற்பத்தைந்திலோ 87 பேர். 1957-இல் வெளியான கணக்கு இது.

காரணம் யாது? ஆண் உடலில் வித்தணுக்கள் நாள்தோறும் புதிதாய் உண்டாகின்றன. பெண்ணோ தன் வாழ்நாளுக்குரிய சினைமுட்டைகள் அனைத்தையும் கொண்டே பிறக்கின்றாள். பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பருவமடைகையில் மூன்று, நான்கு இலட்சம். 37 வயதளவில் ஏறத்தாழ இருபத்தையாயிரம். இவற்றுள் முதிர்ந்து வெளிவருபவை நானூறோ ஐந்நூறோதாம். மற்றவை தாமாகவே அழிந்துபோகும். எஞ்சியவையும் அவளோடு சேர்ந்தே முதுமை எய்துவதால், குரோமோசோம்கள் பிரிவதில் பிழைகள் மிகுகின்றன. கருச்சிதைவு கூடுவதும் இதனாலேயே. டவுன் நிலையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு ஆயிரத்து இருநூற்றில் ஒன்று என்றால், 35-இல் 350-க்கு ஒன்றும், 40-இல் நூற்றுக்கு ஒன்றும் ஆகின்றது. அத்தகைய குழந்தையும் அன்புக்குரியதே. ஆயினும் பெற்றோர் உண்மையை அறிந்திருத்தல் நன்று.

"மாதவிலக்கு ஒழுங்காக வருகின்றதே, பின் என்ன கவலை?" என்று சிலர் இருந்துவிடுகின்றனர். கருத்தரிக்கும் ஆற்றல் குன்றிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே மாதவிலக்கு நிற்கின்றது என்பதை அவர்கள் அறியார். முதிய வயதில் கருத்தாங்கிய எலிசபெத்தம்மாளைச் சுட்டித் தேற்றுவோரும் உளர். வழக்கமாய் நடவாதது நடந்தமையால் அன்றோ திருநூல் அதை வியப்பாக எடுத்துரைக்கின்றது!

மணமான முப்பது வயதுக்கு உட்பட்ட பெண் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. நாற்பதில் அது பத்தில் ஒன்றுக்கும் குறையும். எனவே 35 வயதுக்கு உட்பட்டோர் ஓராண்டு காத்திருந்து மருத்துவரை நாடலாம். அதைக் கடந்தோர் ஆறு மாதத்திற்குமேல் பொறுத்தல் ஆகாது. நாற்பதை எட்டியோர் உடனே செல்வதே முறை. ஆய்வுக்கூடத்தில் கருவூட்டும் முறையைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை வாசகர் அறிவர். அம்முறையும் முட்டையின் வயதைக் குறைப்பதில்லை என்பதை அறிந்தோரோ சிலரே.

நம் இல்லங்களில் மருமகளே முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றாள். இரண்டாண்டு, மூன்றாண்டு அவளுக்கே சோதனையும் மருந்தும். பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கணவனுக்கும் குறை காணப்படுகின்றது. அவனுக்குரிய முதற்சோதனையோ எளியது, செலவு குறைந்தது. அதை மானக்கேடென்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் மனைவியின் வயதிலிருந்தே கழிகின்றது. இது பெரும் அநீதி என்றே நாம் கருதுகின்றோம்.

வளைகுடா நாடுகளிலும் கப்பலிலும் பணிபுரிவோர் குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். கணவன் ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பில் வருகின்றான். ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாள்கள் ஏறத்தாழ ஆறுதான். ஐந்தாண்டு மணவாழ்வு என்று ஊர் கணக்கிடும். இயற்கையின் கணக்கில் அது ஐந்து மாதமே. இதை மருத்துவரிடம் மறவாமல் கூறவேண்டும். இல்லையேல் இல்லாத நோய்க்கு மருந்துண்ண நேரிடும். விடுப்புக்கு எழுதுமுன் மனைவியின் நாள்களைக் கேட்டறிந்து பயணத் தேதியைக் குறித்துக்கொள்வதற்குச் செலவொன்றும் இல்லை.