பாம்புப் பெட்டியும் வெப்பமானியும்

நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, வளர்ப்புப் பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் வெப்பநிலையை ஏன் அளக்க வேண்டும்?

நமது உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்போ, சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்து வாழும் உயிரினம். குளிர்ந்தால் வெயிலுக்கும் சூடேறினால் நிழலுக்கும் நகர்ந்து தன் உடலைச் சீராக்கிக்கொள்ளும். இரை செரிப்பதற்கும் அதற்கு வெப்பம் தேவை. வெப்பம் போதாவிட்டால், விழுங்கிய இரையைக் கக்கிவிடக்கூடும். காட்டில் அது விரும்பிய இடத்துக்குச் செல்லலாம். பெட்டிக்குள் அவ்வாறு இயலாது.

ஆகவே, பெட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொள்வோம். அஞ்சும்போது பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. தீபகற்ப மலேசியாவில் மலைப்பாம்பு வளர்க்க உரிமம் பெறுவது கட்டாயம். இப்பாம்புக்கு வெப்பமான பக்கத்தில் ஏறத்தாழ 31 முதல் 33 பாகை செல்சியஸும், குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27 பாகை செல்சியஸும் ஏற்றவை. குளிரூட்டப்பட்ட அறையில் இந்த வெப்பம் கிடைக்காது. அதனால், பெட்டியின் அடியில் வெப்பத் தகடு பொருத்துவார்கள்.

இங்குதான் கவனம் தேவை. சுவரில் ஒட்டிய வெப்பமானி, சுவரோர வெப்பநிலையை மட்டுமே காட்டும். அது 28 பாகை எனக் காட்டும்போது, பாம்பு படுத்திருக்கும் தரை 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். அடியிலிருந்து வரும் கடுஞ்சூட்டை விட்டுப் பாம்பு உடனே விலகுவதில்லை. வலியால் கத்தவும் அதனால் முடியாது. வயிற்றுச் செதில்கள் புண்ணான பிறகுதான் பலருக்கு உண்மை தெரிய வருகிறது.

எனவே, உணர்முனையுடைய மின்னியல் வெப்பமானிகள் இரண்டைப் பயன்படுத்த வேண்டும். ஒன்றின் முனையை வெப்பமான பக்கத்தின் தரையிலும், மற்றொன்றின் முனையைக் குளிர்ந்த பக்கத்திலும் பொருத்தலாம். அகச்சிவப்பு வெப்பமானி பரப்பின் வெப்பநிலையை நொடியில் காட்டும். ஆனால், கண்ணாடிக்கு வெளியிலிருந்து அளந்தால் கண்ணாடியின் வெப்பநிலையே தெரியும்.

வெப்பத் தகட்டைத் தானியங்கிக் கட்டுப்படுத்தியுடன் இணைப்பதும் இன்றியமையாதது. எனினும், அதனை மட்டும் நம்பக்கூடாது. பாம்பு ஊர்ந்து அதன் உணர்முனையைக் குளிர்ந்த இடத்துக்குத் தள்ளிவிட்டால், தகடு ஓயாமல் சூடேறிக்கொண்டே இருக்கும். தனி வெப்பமானி இருந்தால்தான் அந்தப் பிழை தெரியும். நண்பகலில் சன்னல் வழியே நேர் வெயில் பட்டாலும் பெட்டி ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடும்.

காலையிலும் இரவிலும் அளவுகளைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். பாம்பால் தன் துன்பத்தைச் சொல்ல முடியாது. அதற்காக வெப்பமானியைப் பார்க்க வேண்டியது வளர்ப்பவரின் பொறுப்பு.