கன்னியாகுமரியில் சூரியனைப் படம் பிடிக்க...

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? கேமரா வாங்குவது இருக்கட்டும். எந்த மாதம் போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்!

சூரியன் கடலில் உதிப்பதையும், கடலிலேயே மறைவதையும் அங்கே பார்க்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் அல்ல. அக்டோபர் நடுவில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் சூரியன் கடலில் இறங்கும். மே, ஜூன் மாதங்களில் அது வடக்கே நகர்ந்து, நிலப்பக்கமாக மறைந்துவிடும். கோடை விடுமுறையில் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர்.

எத்தனை மணிக்கு எழுவது?

மே மாதத்தில் சுமார் 6 மணிக்கே உதயம். ஜனவரியில் 6.40 ஆகிவிடும். அரை மணி முன்னதாகவே கரைக்கு வாருங்கள். உதயத்துக்கு முன்புதான் வானம் பல நிறம் காட்டும். (பிள்ளைகளை எழுப்புவது உங்கள் பாடு!)

அப்போது வெளிச்சம் குறைவு. கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும். ஆகவே விலை உயர்ந்த லென்சைவிட, ஆடாத முக்காலியே முக்கியம். செல்போன்தான் இருக்கிறதா? அதைச் சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள்.

உதய சூரியனோடு சேர்த்து எடுத்தால், 133 அடி வள்ளுவர் சிலை கரேல் என்று விழும். சிலை தெளிவாகத் தெரிய வேண்டுமானால், மாலை வெயிலில் கரையில் நின்று எடுங்கள்.

கடற்காற்றில் வரும் உப்பு, லென்சில் படியும். மெல்லிய துணி கொண்டு போங்கள்.

மேலே ஏறிவிட்ட சூரியனைக் கேமராவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். கண் போய்விடும்!