வாடகை வருமானமா? கணக்கைப் பாருங்கள்!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பார்கள். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டும் பார் என்று நான் சேர்த்துக் கொள்கிறேன், நண்பர்களே!

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு தேவைப்பட்டுக் கொண்டே இருக்கும். அதனால் எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட அப்பா ஆசைப்பட்டார். எஸ்டிமேட் 9 லட்சம். கையில் 3 லட்சம், மீதி 6 லட்சம் பேங்க் லோன். “நீதான் படிக்கிறவன், கணக்கைப் பார்த்துச் சொல்லு” என்றார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். தப்பாகச் சொன்னால் அப்பாவின் சேமிப்பு போய்விடும்.

மாத வாடகை 5,000, வருடத்துக்கு 60,000. லோனுக்கு 9 சதவீதம் என்றால் முதல் வருட வட்டி 54,000. “6,000 லாபம்!” என்று எழுதி, எங்கள் தெருவில் லைன் வீடுகள் வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“ஏங் கண்ணு, வருசம் பூரா ஆளு இருப்பாங்கன்னு நீயே எழுதிக்கிட்டியா? 2020-ல கொரோனாவுக்குக் கம்பெனி மூடுனப்ப, எனக்குப் பாதி வீடு காலி!”

அவரும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் சொல்லித் தந்தவை இவை:

1. வருடத்துக்கு 11 மாத வாடகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எங்களுக்கு அது 55,000.

2. வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், வீட்டு வரி எல்லாம் சேர்த்து 10,000 கழியுங்கள். மிச்சம் 45,000. போட்ட 9 லட்சத்துக்கு இது 5 சதவீதம்தான். வட்டியோ 9! அசலையும் கைக்காசில்தான் கட்ட வேண்டும்.

3. அட்வான்ஸ் நம் பணம் அல்ல. “அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துட்டேன் தம்பி, அவங்க காலி பண்றப்ப வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன்” என்றார் ஓர் அக்கா. பேங்கில் தனியாகப் போட்டு வையுங்கள்.

4. பேராசை நஷ்டம். மாதம் 300 கூட்டிக் கேட்டால் வருடத்துக்கு 3,600 வரும். அதற்காக ஆள் கிடைக்காமல் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 5,000 போச்சு. ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்தை விட்டுவிடக் கூடாது.

5. வாய்ப்பேச்சு போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது.

புதுக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப மாடி வேண்டாமா?” என்றார்.

“வேணும்ப்பா, இப்ப வேணாம். கையில 6 லட்சம் சேரட்டும். 3 லட்சம் மட்டும் லோன்னா வட்டி 27,000. இதே வாடகையில 18,000 மிச்சமாகும், அது அசலுக்குப் போகும்.”

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

நண்பர்களே! நம்மில் பலர் வாடகை வீட்டிலிருந்துதான் படிக்க வருகிறோம். அடுத்த மாதம் வாடகை கொடுக்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். அனுபவப்பட்டவர் பாடத்துக்கு ஃபீஸ் கிடையாது!