கரியமிலவாயுவும் நம் கடமையும்

நிலக்கரியும் எண்ணெயும் எரியுங்கால் கரியமிலவாயு வெளிப்படுகிறது. காற்றில் அது மிகுந்தால் பூமியின் வெப்பம் மிகும், பனிப்பாறைகள் உருகும், கடல்நீர் வெப்பத்தால் விரியும். 1900-ஆம் ஆண்டிலிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துள்ளது. இவையெல்லாம் நேயர்கள் அறிந்தவையே. ஆனால், இவ்வாயுவைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது? தனிமனிதர் நிறுவனங்களைச் சுட்டுகிறார். நிறுவனங்களோ வாடிக்கையாளரைச் சுட்டுகின்றன.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கொச்சித் துறைமுகத்தின் வில்லிங்டன் தீவு ஏற்ற இடமாகும். பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில், கப்பல்கள் உட்புகும் பொருட்டுத் தோண்டி எடுக்கப்பட்ட மண்ணைக் கொண்டே இத்தீவின் பெரும்பகுதி எழுப்பப்பட்டது. நீர்மட்டத்தினின்று அதிகம் உயராத நிலம் இது. கடலை நம்பித் தொழில் நடத்தும் இத்தகைய ஊர்களுக்கே கடல் உயர்வதால் வரும் இடரும் மிகுதி. பிழைப்பின் பொருட்டுத் துறைமுக நகரங்களில் குடியேறியுள்ள தமிழருக்கு இஃது அயலார் செய்தி அன்று.

பொறுப்பை அளப்பதற்கு ஒரு கேள்வி உதவும். எரிபொருளைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

துறையில் கட்டப்பட்ட கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய இயந்திரம் நின்றுவிட்டாலும், விளக்குகளுக்கும் குளிர்பதன அறைகளுக்கும் மின்சாரம் வேண்டித் துணை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அவற்றை நிறுத்தலாம். ஆனால் அதற்குரிய இணைப்பைத் துறைமுகமும் அமைக்க வேண்டும், கப்பல் உரிமையாளரும் அமைக்க வேண்டும். மாலுமியோ சுமைதூக்கும் தொழிலாளியோ இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒரு டன் சரக்குக்கு வெளிப்படும் கரியமிலவாயுவை 2030-க்குள் 30 சதவீதம் குறைக்க வேண்டுமென மத்திய அரசு 2023-இல் துறைமுகங்களுக்கு இலக்கு வகுத்தது இக்கருத்தை ஒட்டியதே.

லாரியின் நிலையும் இத்தகையதே. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது. சரக்கு ஆயத்தமாகுமுன் லாரியை வரவழைத்துக் காக்க வைப்பதும், திரும்பும் வழியில் வெறும் வண்டியாக அனுப்புவதும் சரக்கு நிறுவனத்தின் ஏற்பாட்டுக் குறைகள். கடன் வாங்கி ஒரே லாரி ஓட்டுபவரிடம், "புதிய வண்டி வாங்கு" என்று மட்டும் சொல்லிச் செலவை அவர் தலையில் சுமத்துவது நியாயம் ஆகாது. வாடகையை உயர்த்தியோ கடனுதவி செய்தோ நிறுவனம் அதில் பங்கேற்க வேண்டும்.

இருசாராரும் கூடிச் செயற்பட வேண்டிய இடமும் உண்டு. கொச்சி நீர்வழி மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நிலையங்கள் கிடைத்தன. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான, நூறு பேர் செல்லத்தக்க மின்கலப் படகுகள் அதில் ஓடுகின்றன. இத்தகைய படகை நாம் தனியே கட்ட இயலாது. ஆனால் படகு வந்த பின்னும் நாம் தனிக் காரிலேயே செல்வோமாயின் அம்முயற்சி பயனற்றுப் போகும்.

இனி, முழுவதும் நம் கையிலேயே உள்ளவை. 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் விசிறியை நாள்தோறும் பத்து மணி நேரம் ஓட்டினால், ஆண்டுக்கு 164 யூனிட் மிச்சமாகும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படுவதால், 115 கிலோ குறையும். இது ஏறக்குறைய 43 லிட்டர் டீசலை எரிக்காமல் விட்டதற்கு ஒப்பாகும். மின்கட்டணமும் குறையும். அவ்வாறே, சொந்த ஊர் செல்ல விமானத்தை விட்டு இரயிலைத் தேர்வதும் நம் முடிவே.

ஆகவே, நேயர்கள் தம் இல்லத்தில் தாம் மாற்றக்கூடியதை முதலில் மாற்றுக. பின்னர், பணிபுரியும் இடத்தில் எரிபொருட் கணக்கு வைக்கப்படுகிறதா, யார் வைக்கிறார் என்று தொழிற்சங்கத்தின் வழியாகவேனும் கேட்டறிக. அவ்வாறு கேட்பதும் கடமையின் ஒரு பகுதியே.