கே.எல். சென்ட்ரலுக்குப் போகிறீர்களா?



புக்கிட் தெங்காவிலிருந்து தலைநகர் கோலாலம்பூருக்கு ரயிலில் போக, முதலில் கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த் அல்லது புக்கிட் மெர்தாஜாம் செல்லுங்கள். அங்கிருந்து இடிஎஸ் மின்ரயில் ஏறினால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடும். தீபாவளி, பள்ளி விடுமுறை நாள்களில் இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடும், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

2001-இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில் கொமுட்டரும் எல்ஆர்டியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக நடக்க வேண்டும். விமான நிலையம் செல்வோருக்கு கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் உண்டு. முனையம் ஒன்றுக்கு 28 நிமிடம்தான்.

வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை. பூக்கடையில் மல்லிகை மணக்கும். வாழையிலையில் சோறு காத்திருக்கும். இதுதான் பிரிக்பீல்ட்ஸ். தண்டவாளத்தில் உழைத்த நம் முன்னோர் ரயில்வே குடியிருப்புகளில் குடும்பம் நடத்திய மண். அவசரமாக இருந்தாலும், அந்தத் தெருவில் சற்று நடந்துவிட்டுப் போங்கள். அவர்கள் வியர்வையில் ஓடிய ரயிலில்தான் நாம் இன்று சொகுசாக அமர்ந்து போகிறோம்.

பயணம் இனிதாகட்டும்!